கூப்பிட்டவன் கை

கூவலூத்துக் கண்மாய்க்கு மேலே மூன்று வருஷம் ஒரு கார்க் பந்து ஆகாயத்தில் நின்றது என்று அந்தப் பக்கத்து ஆட்களிடம் சொன்னால் ஒருவரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். ஆமாம், மடைக்கு நேர் மேலே நின்றது, அது நின்ற வருஷம்தான் எங்கள் வீட்டுச் செவலை கன்று போட்டது, அது நின்ற மறுவருஷம்தான் மூத்தவளைக் கட்டிக் கொடுத்தோம், என்று அவரவர் வீட்டுக் கதையை எடுத்துவிட்டுவிடுவார்கள். பந்து ஏன் நின்றது என்று கேட்டால் மட்டும், அதைப் போய்க் கேட்கிறாயே என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெற்றிலை எச்சிலைத் துப்ப எழுந்து போவார்கள். காரணம் தெரிந்தவன் ஒரே ஒருத்தன்தான் இருந்தான். அவன் பெயர் வேல்மயில்.

வேல்மயிலும் பொன்னுரங்கனும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே சைக்கிளில் ஒருவன் மிதிக்க ஒருவன் பின்னால் உட்கார்ந்து போய்வந்தவர்கள். பந்தை இரண்டு விரலுக்கு நடுவே எப்படி வைத்துப் போட வேண்டும் என்று பொன்னுரங்கனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே வேல்மயில்தான். சொல்லிக் கொடுத்த மறுமாதமே பொன்னுரங்கன் போடுகிற பந்து தரையில் குத்தி எந்தப் பக்கம் திரும்பும் என்பது வேல்மயிலுக்கே பிடிபடாமல் போனது. அதற்குப் பிறகு வேல்மயில் பந்து போடுவதை விட்டுவிட்டு எல்லைக் கோட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டான். அதில் அவனுக்கு வருத்தமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பங்குனி மாதம் கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வறண்ட கண்மாய்தான் கூவலூத்துக்கு மைதானம். அன்றைக்கு அம்மன்பட்டியோடு ஆட்டம். கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் ஒன்றின் அணிக்கு ஆள் எடுப்பதற்காக ஒரு பெரியவர் வந்து கருவேல மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தார். எடுத்தால் நிரந்தர வேலை, விளையாட்டுக்கு விளையாட்டு, தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ். ஒரே ஒரு இடம்தான். பொன்னுரங்கனைப் பார்க்கத்தான் வந்திருந்தார், அதை அவர் மறைக்கவும் இல்லை. "அஞ்சு விக்கெட் எடுத்த சீட்டு ஒண்ணு கையில இருந்தா மேலே பேச எனக்கு வசதியா இருக்கும் தம்பி" என்று ஆட்டத்துக்கு முன்னால் அவனிடம் சொன்னபோது வேல்மயில் பக்கத்தில்தான் நின்றான். அவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூவலூத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் காலத்திலோ இரண்டு பேர் ஒரே பந்தைப் பிடிக்க ஓடி, மண்டையோடு மண்டை மோதி, ஒருவனுக்கு முன்பல் இரண்டு போய், மற்றவனுக்கு அன்றிலிருந்து சாம்பிராணிக்கும் சாணிக்கும் வாசனை வித்தியாசம் தெரியாமல் போனதிலிருந்து வந்த சட்டம். உயரே கிளம்பிய பந்துக்கு யார் முதலில் "எனக்கு!" என்று சத்தம் போடுகிறானோ பந்து அவனுக்கு. மற்றவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் நின்ற இடத்தில் நின்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கூப்பிட்டவன் கை என்று அதற்குப் பெயர். கூப்பிட்ட பிறகு ஆளை மாற்ற முடியாது, கேப்டன் சொன்னாலும் முடியாது.

அம்மன்பட்டிக்குக் கடைசி விக்கெட், ஜெயிக்க ஏழு ஓட்டம் வேண்டும். பொன்னுரங்கன் அதற்குள் நாலு பேரை அனுப்பியிருந்தான். கடைசியாக மட்டையைப் பிடித்த மிக்கேல், கண்ணை மூடிக்கொண்டு வீசினானோ என்னவோ, பந்து விளிம்பில் பட்டுச் செங்குத்தாகக் கிளம்பியது. மடைப் பக்கம். அதற்கு நேர் அடியில் நின்றவன் சேர்மக்கனி. அவன் கைக்குப் போன பந்து தரையைப் பார்த்ததில்லை என்று பெயரெடுத்தவன். வேல்மயில் பத்தடி தள்ளி நின்றான். பந்து மேலே போகிற நேரத்துக்குள், சொல்லப்போனால் அதில் பாதி நேரத்துக்குள், அவன் மனதில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது: பொன்னுரங்கன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறான், சைக்கிளின் பின்சீட்டு காலியாக இருக்கிறது, தீப்பெட்டி ஆபீஸில் மருந்து நெடியில் தான் மட்டும் நிற்கிறான், பந்து போடச் சொல்லிக் கொடுத்தவன் இவன்தான் என்று சொல்ல ஒரு நாதியில்லை.

"எனக்கு!" என்று கத்தினான் வேல்மயில்.

சேர்மக்கனி நின்றான், கையைப் பின்னால் கட்டினான். வேல்மயில் ஓடிப்போய் அடியில் நின்று இரண்டு கையையும் குவித்தான். பிடிப்பதற்காக அல்ல. விரல் நுனியில் பட்டு நழுவ வேண்டும். நழுவிய பிறகு உள்ளங்கையைப் பார்க்க வேண்டும், பிறகு சூரியனைப் பார்க்க வேண்டும், பிறகு கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வெயில் கண்ணுல அடிச்சிருச்சு மாப்ள" என்று சொல்ல வேண்டும். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது வரைக்கும் தயாராகத்தான் இருந்தான்.

பந்து உச்சிக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் உயரமாகப் போயிருக்கிறது, வரும், என்று நின்றார்கள். மிக்கேலும் அவன் ஜோடியும் ஓட ஆரம்பித்தார்கள். ஏழு ஓட்டம் ஓடினார்கள், எழுபது ஓடினார்கள், நூற்றுப் பத்தாவது ஓட்டத்தில் மிக்கேல் நாக்குத் தள்ளி உட்கார்ந்தபோது, நடுவராக நின்ற தபால்காரர் ஜெபமணி, பிடித்துவிட்டால் ஓடியது ஒன்றும் சேராது, சும்மா ஏன் சாகிறீர்கள் என்றார். ஜெபமணி இரண்டு ஊருக்கும் பொதுவான ஆள், சட்டம் தெரிந்தவர், காக்கிச் சட்டையோடு வந்து நடுவராக நிற்பார். பொழுது சாயும்வரை மேலே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: பந்து தரையிலும் இல்லை கையிலும் இல்லை, ஆகவே ஆட்டம் முடியவில்லை, ஞாயிறு தோறும் மூன்று மணிக்கு எல்லோரும் அவரவர் இடத்தில் வந்து நிற்க வேண்டும், மற்ற நாளில் கூப்பிட்டவன் மட்டும் சாயங்காலம் வந்து நின்றால் போதும், மற்ற நேரத்தில் விழுந்தால் அது செத்த பந்து. மில்காரர் நோட்டை மூடிக்கொண்டு, சீட்டு முடிந்ததும் கொண்டு வாருங்கள், இடம் இருக்கும், என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாலாம் நாள் உயர்நிலைப் பள்ளி அறிவியல் டீச்சர் அமலோற்பவம், கோணமானியில் நூல் கட்டிக் கல்லைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து அளந்தார். நூறு அடிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது என்றார். அவருக்கும் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "மேலே எறிஞ்ச எதுவுமே உச்சியில ஒரு கணம் நிக்கத்தான் செய்யும். நிக்காம திரும்ப முடியாதுல்ல? இங்க அந்தக் கணம் கொஞ்சம் நீண்டுபோச்சு" என்றார்.

"விழுந்தா ரொம்ப வேகமா விழுமா டீச்சர்? இத்தனை நாள் நின்னிருக்கே" என்று கேட்டான் வேல்மயில்.

"எந்த வேகத்துல போச்சோ அதே வேகத்துலதான் வரும், ஒரு மாசம் கழிச்சு வந்தாலும் சரி, ஒரு வருஷம் கழிச்சு வந்தாலும் சரி. கிளம்பிட்டா ரெண்டரை செகண்டு. அவ்வளவுதான் உனக்கு நேரம். கையை விறைப்பா வச்சுக்காத, அடி மொத்தமும் கையிலதான் இறங்கும். பந்து வர்ற போக்குலயே கையையும் கூட இறக்கு. அப்பத்தான் வலிக்காது, நழுவவும் செய்யாது." போகும்போது திரும்பி நின்று, வகுப்பில் கடைசி வரிசைக்குச் சொல்வதுபோல் ஒன்று சொன்னார்: "நிக்குதேன்னு அதுக்குப் பாரம் இல்லைன்னு நினைச்சுடாதீங்க. நிக்கிறப்பவும் பூமி அதை இழுத்துக்கிட்டேதான் இருக்கு, கொஞ்சமும் குறையாம."

அன்று ராத்திரிச் சோறு வேல்மயிலுக்கு இறங்கவில்லை.

ஊர் பந்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆடு மேய்க்கிறவர்கள் மடைப் பக்கம் போகும்போது தலையில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள், விறகுக்குப் போகும் பெண்கள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தாமலே ஒரு கையை உச்சந்தலைக்குக் கொண்டு போனார்கள், பிறகு ஊருக்குள் எங்கே நடந்தாலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. பந்தின் நிழல் கருவேல மரத்தைத் தொட்டால் பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கரையைத் தொட்டால் அடுப்புப் பற்றவைக்கிற நேரம். பஸ் கண்டக்டர்கள் கூவலூத்து விலக்கு என்று சொல்வதை விட்டு, பந்து ஸ்டாப் எல்லாம் இறங்கு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பஞ்சாயத்து ஒரு பலகை வைத்தது. பந்துக்குக் கீழே நின்று அரட்டை அடிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது, அதற்குக் கீழேதான் எல்லோரும் நின்று அரட்டை அடித்தார்கள். ஒரு பருந்து மூன்று நாள் சுற்றிச்சுற்றி வந்து, கொத்திப் பார்த்து, அலகு வலித்ததோ என்னவோ போய்விட்டது. உண்டிவில்லைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தனை ஜெபமணி காதைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார், ஆட்டத்தில் இருக்கிற பந்தை வெளியாள் தொடக் கூடாது.

ஊர் பந்தைவிட அதிகமாக ஏற்றுக்கொண்டது வேல்மயிலை. தீப்பெட்டி ஆபீஸ் விட்டதும் நேரே கண்மாய்க்கு வந்து, வெளிச்சம் போகிறவரைக்கும் தலையைத் தூக்கிக் கையைக் குவித்து நிற்கிற மனிதனை யார்தான் கொண்டாட மாட்டார்கள்? சிநேகிதனுக்காக இப்படி நிற்க இந்தக் காலத்தில் யார் இருக்கிறான் என்று டீக்கடையில் பேசினார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனுக்குப் புத்தி சொல்கிறவர்கள், வேல்மயிலைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றார்கள். அவனுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அதற்கு வைத்தியர் எண்ணெய் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றார்.

இதில் எல்லாவற்றையும்விடக் கொடுமை பேச்சியம்மாள்தான். பொன்னுரங்கனின் அம்மா, புருஷன் இல்லாதவள், மகன் மில்லுக்குப் போனால்தான் தன் இருமலுக்குத் தீப்பெட்டி மருந்து நெடி இல்லாத காற்று கிடைக்கும் என்று இருந்தவள். வாரம் தவறாமல் தூக்குச்சட்டியில் கம்மங்கூழ் கொண்டு வந்து, அவன் கையை எடுக்கக் கூடாது என்பதற்காகத் தானே வாயில் ஊற்றுவாள்.

"நான் பெத்தது ஒண்ணுதான், ஆனா சாமி எனக்கு ரெண்டு குடுத்திருக்கு" என்பாள். "குடி ராசா. உன் கை நோகுமேன்னு எனக்கு உறக்கமே வர்றதில்ல."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பான். திறந்த வாயில் அவள் இன்னொரு மடக்கு ஊற்றுவாள்.

பொன்னுரங்கன் வேறு. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிளம்பிய பிறகு வந்து பக்கத்தில் நின்று, அவன் தோளையும் கழுத்தையும் அமுக்கிவிடுவான். பந்து போடுகிற விரல்கள், அழுத்தம் எங்கே வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். "போதும் மாப்ள, நீ என்ன கல்லா? ஒருநாள் வராம இரு, ஒண்ணும் குடி முழுகாது" என்பான். அவனுக்கு இருபத்திரண்டு முடிந்து இருபத்து மூன்று ஆனது. பெண் பார்க்க வந்தவர்கள், பந்து இறங்கட்டும், வேலை ஆகட்டும், பிறகு பேசுவோம் என்று போனார்கள். அவனுக்கு இருபத்து நாலும் ஆனது. ஒரு தடவைகூட அவன் மேலே பார்த்துச் சலித்துக்கொண்டதில்லை. வேல்மயில் ஒருநாள் அவனைக் கோபப்படுத்திப் பார்க்க வேண்டும் என்றே, "நான் பிடிக்காம விட்டுட்டா என்ன செய்வ?" என்று கேட்டான்.

"விட்டா விட்ட. உன் கைக்கு வந்தும் கீழ விழுந்ததுன்னா அது எனக்கு இல்லாததுன்னு வச்சுக்கிடுவேன்" என்றான் பொன்னுரங்கன், அமுக்குவதை நிறுத்தாமல். அந்த விரல்கள் பட்ட இடமெல்லாம் வேல்மயிலுக்கு எரிந்தது.

மனசை மாற்றிக்கொண்டால் பந்து இறங்கிவிடும் என்று அவன் நினைத்த காலமும் உண்டு. ஒரு கோடைக்காலம் முழுக்க, வா, சத்தியமாகப் பிடிக்கிறேன், இந்த முறை நிஜமாகவே பிடிக்கிறேன், என்று மேலே பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றான். கோவிலில் பொங்கல் வைத்தான். தலைமுடி இறக்கினான். பந்து அசையவில்லை. சிவப்புச் சாயம் வெளுத்து வெளுத்து, பழைய செங்கல் நிறத்துக்கு வந்து, வைத்த கண் வாங்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. மனதுக்குள் சொன்னது அதற்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் போதவில்லை.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தது. பத்து வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒரு மழை. ஓடைகள் எல்லாம் கண்மாய்க்குத் திரும்பின. ஆட்டத் தரை கரையை ஒட்டிய மேடு, அங்கே கரண்டைக்காலளவு தண்ணீர்தான். மடைப் பக்கம் பள்ளம். முதல் வாரம் வேல்மயிலுக்கு முழங்கால், அடுத்த வாரம் இடுப்பு, அதற்கடுத்த வாரம் மார்பு. ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. ஜெபமணி லாரி டியூபில் உட்கார்ந்து நடுவர் வேலை பார்த்தார். கரைமேல் குடையோடு ஜனம். தண்ணீரில் நிற்கிறவனுக்குக் கொக்குகூடப் பயப்படாமல் பக்கத்தில் வந்து நின்றது.

அந்த மழையில்தான் ஜெபமணி தபால் பையிலிருந்து மில்காரரின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். கார்த்திகை மாதம் எட்டாம் தேதி பொன்னுரங்கனுக்கு இருபத்தைந்து முடிகிறது, அதற்கு மேல் விதி இடம் கொடுக்காது, இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், மன்னிக்கவும், என்று இருந்தது. எட்டாம் தேதி திங்கட்கிழமை. ஏழாம் தேதி ஞாயிறு.

ஏழாம் தேதி வேல்மயில் இறங்கி நடந்தபோது தண்ணீர் கழுத்துக்கு வந்தது. கையை மட்டும் மேலே குவித்துக்கொண்டு, தாடையைத் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். மேற்கே இன்னும் இருட்டிக்கொண்டு வந்தது. கரைமேல் பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள், அது மகனுக்காகவா தண்ணீரில் நிற்கிறவனுக்காகவா என்று சொல்ல முடியாது. நாலு மணிக்குக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய ஆரம்பித்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். அதைக் கேட்டதும் பொன்னுரங்கன் பந்து போடும் இடத்தை விட்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, நீந்தியும் நடந்தும், வேல்மயிலிடம் வந்தான்.

"வெளிய வா மாப்ள."

"வெளிச்சம் இருக்கு."

"வெளிச்சம் இருந்து என்ன செய்ய? தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. நான் ஜெபமணி அண்ணாச்சிகிட்ட பேசிட்டேன். பந்து போட்டவன் வேண்டாம்னு கையைத் தூக்குனா ஆட்டம் கலைஞ்சதா எழுதிருவாரு. நான் தூக்கிருதேன். வேலையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். உன்னைத் தண்ணிக்குக் குடுத்துட்டு எனக்கு என்ன வேலை? எங்கம்மா என்னைய வீட்டுக்குள்ள விடுமா?"

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கப் போனான்.

வேல்மயிலுக்கு அந்த நேரம் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. பொன்னுரங்கன் கையைத் தூக்கினால் அத்தோடு முடிந்தது. பந்து செத்துவிடும். அவன் கரையேறுவான். மூன்று வருஷம் சிநேகிதனுக்காக நின்றவன் என்ற பெயர் செத்தாலும் போகாது. யாருக்கும் எதுவும் தெரியாது, எப்போதும் தெரியாது. பொன்னுரங்கன் சாகும்வரை மருந்து நெடியில் குச்சி முக்கிக்கொண்டு, சாயங்காலத்தில் வந்து இவன் கழுத்தை அமுக்கிவிடுவான், நன்றியோடு.

"தூக்காதல" என்றான். "நான் சொல்றதைக் கேட்டுட்டுத் தூக்கு."

சொன்னான். தண்ணீர் வாய்க்குள் போகப் போகத் துப்பிவிட்டுத் துப்பிவிட்டுச் சொன்னான். "பிடிக்கிறதுக்கு நான் கூப்பிடல மாப்ள. விடுறதுக்குத்தான் கூப்பிட்டேன். நீ போயிருவியேன்னு இருந்துச்சு. நீ மட்டும் போயிருவியேன்னு. அந்த ஆளு என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல. வெயிலு கண்ணுல அடிச்சிருச்சுன்னு சொல்லணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் அடியில வந்து நின்னேன். உங்கம்மா ஊத்துன கூழெல்லாம் நான் குடிச்சேன். எனக்கு உன்மேல பொறாமை மாப்ள. வேற ஒண்ணும் இல்ல. பொறாமை."

பொன்னுரங்கனின் கை பாதி உயரத்தில் நின்றது. அவன் முகத்தில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எதையோ எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் மாதிரி, "அடியில நின்னது சேர்மக்கனி" என்றான்.

"ஆமா."

"அவன் விட மாட்டான்."

"விட மாட்டான். அதனாலதான் கூப்பிட்டேன்."

கரைமேலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜனம் மொத்தமும் ஒரே நேரத்தில் கையை உச்சந்தலைக்குக் கொண்டு போன சத்தம். வேல்மயில் மேலே பார்த்தான். பந்து பெரிதாகிக்கொண்டிருந்தது.

"நீ பிடி!" என்று அலறினான் வேல்மயில். "நீ பிடி மாப்ள, எனக்கு அருகதை இல்ல!"

பொன்னுரங்கன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கூப்பிட்டவன் நீ" என்றான்.

ரெண்டரை செகண்டில் என்ன யோசிக்க முடியும்? முன்பு ஒருமுறை அவன் அந்த நேரத்துக்குள் ஒருவன் வாழ்க்கையையே யோசித்து முடித்திருந்தான். இந்த முறை ஒன்றுமே யோசிக்கவில்லை. கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டினான். பந்து போன வேகத்திலேயே வந்து, கொஞ்சமும் கூடாமல் குறையாமல், உள்ளங்கையில் விழுந்தது. விழுந்த போக்கிலேயே கையை இறக்கினான், கையோடு தோளும், தோளோடு தலையும் இறங்க, தண்ணீர் மூடி, கண்மாய்த் தரையில் முழங்கால் குத்தும்வரைக்கும் பந்தைக் கூட்டிக்கொண்டே போனான். கீழே சேறு குளிர்ந்து கிடந்தது. சத்தமே இல்லை. அங்கேயே இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. தலைமுடியைப் பிடித்து ஒரு கை மேலே இழுத்தது. எந்த விரல்கள் என்று அவனுக்குத் தெரிந்தது.

மேலே வந்ததும் ஜெபமணி டியூபில் எழுந்து நிற்கப் பார்த்து, விழப் போய், சமாளித்துக்கொண்டு, மூன்று வருஷமாக மடக்கி வைத்திருந்த ஆள்காட்டி விரலைத் தூக்கினார். "கையில விழுந்த பிறகுதான் தண்ணிக்குள்ள போச்சு. அவுட்!" என்றார். கரைமேல் குலவைச் சத்தம். பிடித்த பந்தைச் சந்தோஷத்தில் ஆகாயத்துக்கு எறிவது எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தான். தூக்கிப் போடு, தூக்கிப் போடு, என்று கத்தினார்கள். வேல்மயில் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டான்.

"பந்தைக் கொடு" என்றான் பொன்னுரங்கன். கொடுத்தான். வாங்கிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்துவிட்டான்.

வேல்மயிலைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் கரையேற்றினார்கள். அவன் தோளில் உட்கார்ந்தபடியே எல்லோருக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னான்: நான் பிடிக்கக் கூப்பிடவில்லை, விடத்தான் கூப்பிட்டேன், சேர்மக்கனி பிடித்திருப்பான், பந்து இறங்காமல் நின்றதே என்னால்தான், நான் துரோகி. மூன்று வருஷம் ஆகாயத்தில் பந்து நின்றதை ஒரு கேள்வி கேட்காமல் நம்பிய ஊர், இதை நம்பவில்லை. தண்ணியில் நின்று நின்று பிள்ளைக்குக் காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது என்று பேச்சியம்மாள் முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். சேர்மக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாத்தீங்களா, பேரைத் தூக்கி எனக்குக் குடுக்கப் பாக்கான். இந்த மனசு யாருக்குல வரும்?" என்றான். இன்னொரு தடவை கத்தினான் வேல்மயில். இன்னும் சத்தமாகக் குலவை போட்டார்கள்.

நம்பியவன் ஒருவன்தான். அவன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று ஈரச் சீட்டில் ஜெபமணியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ். அன்று இருட்டுவதற்குள் மில்லில் இருந்தாக வேண்டும். பந்து ஸ்டாப்பில் ஊரே நின்றது. பேச்சியம்மாள் மகன் நெற்றியில் திருநீறு பூசினாள். வேல்மயில் கிட்டே போகவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பூவரச மரத்துக்குப் பின்னால் நின்றான். பொன்னுரங்கன் யாரையும் தேடியதாகத் தெரியவில்லை. ஏறினான், ஜன்னலோரம் உட்கார்ந்தான், நேரே பார்த்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் விசில் கொடுத்தான். பஸ் நகர்ந்து, மரத்தைத் தாண்டியது. வேல்மயில் மறைவை விட்டு ரோட்டோரம் வந்தான்.

தாண்டிய பிறகு ஜன்னலிலிருந்து கை ஒன்று வெளியே வந்தது. பந்து கிளம்பியது. உயரமாக எறியவில்லை, பொன்னுரங்கன் முழு வேகத்தில் ஓடிவந்து போடுவானே, அந்த வேகத்தில், பஸ்ஸின் வேகத்தையும் மீறி, நேராக வேல்மயிலின் நெஞ்சுக்கு வந்தது. கோபத்தில் எறிந்தானா, வைத்துக்கொள் என்று எறிந்தானா, அது அவனுக்குத்தான் தெரியும். அவன் கத்தவில்லை. வேல்மயிலும் கத்தவில்லை.

கையை நீட்டினான் வேல்மயில். டீச்சர் சொல்லிக் கொடுத்தது நினைவில் இருந்தது, கண்மாய்க்குள் செய்ததும் கைக்கு நினைவிருந்தது. ஆனாலும் கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. இரண்டு கையையும் விறைப்பாக வைத்துக்கொண்டு, அடி மொத்தத்தையும் வாங்கிக்கொண்டான்.